நாற்பத்தைந்து டிகிரி

பத்தொன்பது வருடமாக அந்தப் பெண்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் நெருப்பையும் தண்ணீரையும் காற்றையும் வேலை வாங்கியவள் பிளாரன்ஸ். கைதட்டு வாங்கியவர்கள் டீச்சர்கள். அதில் அவளுக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன லேப் அட்டெண்டருக்குக் கை தட்டுகிற பள்ளிக்கூடத்தை யாரும் இன்னும் கட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கடைத்தெரு அண்ணாச்சியிடம் காலி எண்ணெய் டின் கேட்டு வாங்கி வருவது அவள். அதில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைப்பது அவள். ஆவி குபுகுபுவென்று கிளம்பும் நேரம் பார்த்து, அடுப்பை அணைத்து, மூடியை இறுக்கி, மேலே பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் அவள்தான். டின் கண்ணெதிரே சப்பிப்போகும். பிள்ளைகள் ஓவென்று கத்தும். உடனே டீச்சர் முன்னால் வந்து, "பார்த்தீங்களா, இதுதான் காற்றழுத்தம்" என்பார், ஏதோ அவரே ஏறி மிதித்ததுபோல. வளையத்துக்குள் சுளுவாக நுழைந்த இரும்புக் குண்டைச் சூடாக்கி நுழையாமல் செய்வது, அவித்த முட்டையைக் காற்றே குப்பிக்குள் தள்ளும்படி செய்வது என்று எல்லா வித்தையும் அவளுக்கு அத்துப்படி. அந்த முட்டையை யாரும் தின்னக் கூடாது என்பது ஆய்வக விதி. தின்றது யார் என்று கேட்கக் கூடாது என்பது பிளாரன்ஸின் விதி.

அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான். இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று அவளை உட்காரவைத்து யாரும் சொன்னதில்லை. பாடம் பிள்ளைகளுக்கு, அடுப்பு அவளுக்கு. காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டாள். பொறுக்கியது பாதி, விட்டது பாதி. விட்ட பாதிதான் அவள் குடியைக் கெடுத்தது.

பொறுக்கியதில் ஒன்று, முன்பிருந்த ஜீவமணி சார் செய்துகாட்டிய மூன்று கிண்ணப் பாடம். ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர், நடுவில் இருப்பதில் வெதுவெதுப்பு. ஒரு கையைச் சுடுதண்ணீரிலும் மறு கையை ஐஸ் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இரண்டையும் நடுக்கிண்ணத்தில் முக்கினால், ஒரு கை குளிர்கிறது என்னும், இன்னொரு கை சுடுகிறது என்னும். தண்ணீர் என்னவோ ஒரே தண்ணீர். "கை பொய் சொல்லும். தெர்மாமீட்டர் பொய் சொல்லாது" என்றார் சார். அந்த வார்த்தை பிளாரன்ஸுக்கு வேதவாக்காகிவிட்டது. அந்த வருடக் கடைசியில் பழைய சாமான்களைக் கழித்தபோது, மேல்முனை வளையம் உடைந்த தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டில் அதற்கு வேலை இருந்தது. திரேஸ்புரத்தில் அவள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சங்கு குளிக்கப் போகிறவர்கள். வள்ளத்தில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பாகம் இறங்கி மணலில் கிடக்கும் சங்கைப் பொறுக்கி வருவார்கள். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். மேலே வந்த பிறகு சிலருக்கு மூட்டு குடையும், தோல் அரிக்கும், கை கால் மரத்துப்போகும். கடல் குளிர் எலும்புக்குள் ஏறிவிட்டது என்பது தெருவின் தீர்ப்பு. குளிருக்கு மருந்து வெந்நீர். நொச்சி இலையைப் போட்டுக் காய்ச்சி, ஆளை முற்றத்தில் உட்காரவைத்து, குளிர் இறங்கும்வரை தலையிலிருந்து ஊற்ற வேண்டும். அந்தத் தெருவுக்குக் கட்டிக்கொடுக்கப்படும் பெண்ணுக்கு மாமியார் முதலில் காட்டிக்கொடுப்பது நொச்சிச் செடி இருக்கும் இடத்தைத்தான்.

மற்றவர்கள் கை பொறுக்கிற சூடு பார்த்து ஊற்றினார்கள். பிளாரன்ஸ் தெர்மாமீட்டர் வைத்து ஊற்றினாள். ஐம்பதில் தோல் சிவந்தது, நாற்பதில் ஆளுக்கு உறைக்கவில்லை, நாற்பத்தைந்துதான் சரி என்று கண்டுபிடித்தாள். பானை ஆறும்போது கொதிநீர் கலந்து, ஏறும்போது பச்சைத் தண்ணீர் கலந்து, தராசு முள் மாதிரி அந்தக் கோட்டிலேயே நிறுத்துவாள். அவள் புருசன் சிலுவைக்கு வலித்த நாளெல்லாம் அப்படித்தான் ஊற்றினாள். சின்னச் சின்ன வலிகள் ஊற்றியதும் போயின. ஊற்றாவிட்டாலும் போயிருக்கும் என்று சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை. "பள்ளிக்கூடத்துக்காரி வெந்நீர்" என்று அதற்குப் பேரே வந்தது. அடுத்த வீடுகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். போய் ஊற்றினாள். ஆய்வகத்தில் கிடைக்காத கைதட்டு தெருவில் கிடைத்தது, அவளும் மனுஷிதானே.

மூன்று வருடத்துக்கு முன்னால், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவை பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான். தோள் குடைகிறது, இடுப்புக்குக் கீழே எறும்பு ஊர்கிறது என்றான். ஆள் வந்து சொன்னதும் பிளாரன்ஸ் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து அடுப்பு மூட்டினாள். நாலு மணி வரை ஊற்றினாள். சுகமாக இருக்கிறது, நிறுத்தாதே என்று அவனே சொன்னான். நாலு மணிக்கு எழுந்திருக்கப் பார்த்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "மத்தியானத்துல இருந்து என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். "வெந்நீர் ஊத்துனேன் சார். நாப்பத்தஞ்சு டிகிரி, கூடாம கொறயாம" என்றாள் பிளாரன்ஸ். பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து சீட்டில் எழுதப் போய்விட்டார்.

உயிர் தப்பியது. கால்கள் திரும்பவில்லை. அதன்பிறகு சிலுவை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் ஆனான். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "நான் அன்னைக்கே போயிருக்கணும்ல. இவ ஊத்துன தண்ணிதான் உசிரப் பிடிச்சி வச்சிது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பேர் தெருவில் இன்னும் பெரிதானது.

இந்த வருடம் இயற்பியலுக்கு ஜெப்ஸி மிஸ் வந்தாள். நாசரேத்காரி, அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சி.எஸ்.ஐ. சபைப் பிள்ளைக்கு எப்படி இடம் கிடைத்தது என்று ஸ்டாஃப் ரூமில் இரண்டு நாள் ஆராய்ந்தார்கள். மூன்றாம் நாள் அவள் பாடம் நடத்துவது வராந்தாவில் கேட்டது, ஆராய்ச்சி நின்றுபோனது. பிளாரன்ஸுக்கும் அவளைப் பிடித்திருந்தது. மற்ற டீச்சர்கள் மாதிரி விரலைச் சொடுக்காமல் அக்கா என்று கூப்பிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றாம் வகுப்பு ஏ பிரிவுக்குச் செய்துகாட்ட ஜெப்ஸி மிஸ் இரண்டு சோடா பாட்டில் வாங்கி வந்தாள்.

"அக்கா, ஒண்ண ஐஸ்ல வைங்க. இன்னொண்ணச் சுடுதண்ணில வைங்க. ரொம்பக் கொதிக்க வேண்டாம், நாப்பத்தஞ்சு டிகிரி போதும்."

தன் எண் பாடத்துக்குள் வந்துவிட்டதில் பிளாரன்ஸுக்கு ஒரு சின்னச் சந்தோஷம். அடுப்பைக் கூட்டிக் குறைத்து அரை டிகிரி பிசகாமல் தண்ணீரை நிறுத்திக் கொடுத்தாள்.

மிஸ் முதலில் குளிர்ந்த பாட்டிலைத் திறந்தாள். புஸ் என்று ஒரு பெருமூச்சு, நாலைந்து குமிழி, அவ்வளவுதான். சுடுதண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது சோடா பொங்கி மின்விசிறி வரைக்கும் அடித்தது. முன் வரிசைப் பிள்ளைகள் நனைந்து கூச்சலிட்டன.

"ரெண்டும் ஒரே சோடா. உள்ள அடைச்சிருக்கற கேஸும் ஒரே அளவு. பிறகு ஏன் இது மட்டும் பொங்குச்சு?" என்று கேட்டாள் மிஸ். "பிரஷர் கொடுத்தா கேஸ் தண்ணிக்குள்ள கரைஞ்சு பேசாம கிடக்கும். பிரஷரை எடுத்தா வெளிய வரப் பார்க்கும். தண்ணி சூடா இருந்துச்சுன்னா கேஸைப் பிடிச்சு வைக்கவே மாட்டேங்கும். இது சோடாவுக்கு மட்டும் இல்ல, நம்ம ரத்தத்துக்கும்தான். இந்த ஊர்ல சங்கு குளிக்கறவங்க இருக்காங்கல்லா? ஆழத்துல பிரஷர் ஜாஸ்தி. மூச்சுல போற காத்து ரத்தத்துல கரைஞ்சிரும். மெதுவா மேல வந்தா மெதுவா வெளிய போயிரும். வேகமா வந்தா ரத்தத்துக்குள்ளயே குமிழி கட்டும். நரம்பை அடைச்சா கை கால் விழுந்துரும். அதனாலதான் மேல வந்த உடனே சுடுதண்ணில குளிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. குளிச்சா, இந்த பாட்டில்தான்."

பிள்ளைகள் கை தட்டின. பிளாரன்ஸ் துடைக்கும் துணியோடு மேசைக்கடியில் குனிந்திருந்தாள். தரையில் சோடா பரவிக்கொண்டிருந்தது. அவள் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். மணி அடித்து வகுப்பு காலியான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்" என்றாள் கடைசியில். "மேல வந்தவனுக்கு வெந்நீர் ஊத்துனா என்னாவும்?"

ஜெப்ஸி நோட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதான் சொன்னேனேக்கா. ஊத்தவே கூடாது."

"ஊத்திட்டா?"

இப்போது நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"எங்க வீட்டுல அவியளுக்கு. நாலு மணி நேரம் ஊத்துனேன். இதே நாப்பத்தஞ்சுல."

ஜெப்ஸி நாற்காலியை விட்டு எழுந்து வந்து பிளாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். இங்க பாருங்க, அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. வெந்நீர் இல்லாமலும் அப்படி ஆகியிருக்கலாம். உடனே ஆக்சிஜன் வச்சிருக்கணும், அது லேட்டானதுதான் பெரிய காரணமா இருக்கும்."

"அது லேட்டானதும் வெந்நீரால தான மிஸ்" என்றாள் பிளாரன்ஸ்.

ஜெப்ஸி அழுதாள். பிளாரன்ஸுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பத்தொன்பது வருடத்தில் எத்தனை டீச்சர், எத்தனை சோடா பாட்டில். சூடு, குளிர், அழுத்தம் என்று இந்த அறையில் அவர்கள் பேசாத நாள் உண்டா? சங்குகுளிக்காரன் பெண்டாட்டி ஒருத்தி பக்கத்தில் நின்று அடுப்பை ஊதிக்கொண்டிருப்பது ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்கக் கூடாதா? பட்டிருக்கும். டம்ளர் கழுவ வேண்டிய ஆளாகப் பட்டிருக்கும்.

வீட்டுக்குப் போனாள். சிலுவை வழக்கம்போல வாசலில் இருந்தான். "ஏளா, மொகம் ஏன் இப்பிடி இருக்கு? மேலுக்குச் சரியில்லியா?" என்று கேட்டான். தலைவலி என்றாள். தைலம் எடுத்துத் தரச் சொல்லி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவனே நெற்றியில் தேய்த்துவிட்டான். காலைத்தான் அசைக்க முடியாது, கை இன்னும் துடுப்புப் பிடித்த கைதான். அவன் தேய்க்கத் தேய்க்க, சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. இந்தக் கை இனிமேல் இப்படித் தேய்க்காது என்று தோன்றியதும் விழுங்கிவிட்டாள். சொல்லி ஆகப்போவது என்ன, கால் திரும்பி வருமா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அதே செய்முறை பி பிரிவுக்கு. தண்ணீரை நாற்பத்தைந்தில் நிறுத்திக் கொடுத்தவள் மறுபடியும் அவள்தான். சோடா பொங்கியது, பிள்ளைகள் கத்தின. ஆனால் ஜெப்ஸி மிஸ் இந்த முறை சங்கு குளிப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. மீன் தொட்டியைச் சொல்லி, வெயில் காலத்துக் குளத்தைச் சொல்லி, பாடத்தை முடித்துவிட்டாள். பிளாரன்ஸின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விட்டாள். ஏ பிரிவில் திரேஸ்புரத்துப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது, இந்த பி பிரிவில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேர் அப்பனும் அண்ணனும் கடலுக்குள் இறங்குகிறவர்கள். சொல்லுங்கள் மிஸ் என்று பிளாரன்ஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லி, தெரு முழுக்கப் பேசி, சிலுவை காதுக்கு வந்துவிடுமே என்று பயந்தாள். மிஸ் சொல்லாமல் விட்டதில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நிம்மதி சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இருந்தது.

பிளாரன்ஸ் குசினியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஓட்டமும் கூச்சலும் கேட்டது. நாலு பேர் டெரன்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன், சிலுவைக்குப் பிறகு இஞ்ஞாசியின் வள்ளத்தில் சங்கு குளிக்கப் போகிறவன், கல்யாணமாகி எட்டு மாதம். அவனை அவர்கள் தூக்கி வந்தது ஆஸ்பத்திரிக்கு அல்ல, அவன் வீட்டுக்கும் அல்ல. நேரே பிளாரன்ஸின் முற்றத்துக்கு.

"பதினாலு பாகத்துல கெடந்தான்" என்று வள்ளக்காரர் இஞ்ஞாசி மூச்சு வாங்கினார். "கம்ப்ரசர் பெல்ட் அறுந்துட்டு. காத்து நின்னதும் ஒரே ஏத்தமா ஏறிட்டான். காலு மரமரன்னு வருதுங்கான். நீ சட்டுனு தண்ணிய வையி தாயி."

டெரன்ஸின் மனைவி விஜிலா பின்னாலேயே ஓடி வந்தாள். கையில் நொச்சிக் கொப்பு. "எக்கா, பானைய ஏத்துங்கக்கா. நான் எல உருவுதேன்."

வாசலில் இருந்து சிலுவை குரல் கொடுத்தான். "ஏளா, என்ன பாத்துக்கிட்டு நிக்க? அடுப்பப் பத்த வையி. ஏலே டெரன்சு, பயப்படாத. என்னையக் காப்பாத்துன கைலே இது."

பிளாரன்ஸ் மீன் ரத்தம் காயாத கையோடு நின்றாள். "வெந்நீர் வேண்டாம்" என்றாள். "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. இப்பமே தூக்குங்க."

யாருக்கும் புரியவில்லை. இஞ்ஞாசிக்குக் கோபம் வந்தது. "அங்கன போனா ஆயிரம் கேள்வி கேப்பாவ. மொதல்ல நீ ஊத்து, குளிரு எறங்கட்டும். எறங்கலன்னா பொறவு கொண்டுபோவம்."

"பொறவு கொண்டுபோயி ஒண்ணும் இல்ல மாமா. அவனுக்கு ஏறியிருக்கது குளிரு இல்ல. சூடு படக் கூடாது. ஆக்சிஜன் வைக்கணும்."

"இது எப்பத்துல இருந்து?" என்றார் இஞ்ஞாசி. "போன மாசம் எந்தம்பி மவனுக்கு நீதான ஊத்துன?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. டெரன்ஸ் தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜிலா பிளாரன்ஸைத் தள்ளிவிட்டுக் குசினிக்குள் போனாள், பானையில் தண்ணீரைச் சாய்த்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். பிளாரன்ஸ் பின்னாலேயே போய் அடுப்பை அணைத்தாள். விஜிலா மறுபடியும் பற்றவைத்தாள். பிளாரன்ஸ் சிலிண்டரையே மூடினாள். விஜிலா வெறிபிடித்தவள்போல அவள் ரவிக்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒங்க புருசன்னா நாலு மணி நேரம் ஊத்துவிய, எம்புருசனுக்கு ஒரு பான ஊத்த மாட்டியளா? அவரு கால் வெளங்காமப் போயிட்டுன்னு எம்புருசனும் அப்பிடி உக்காரணுமா? பொறாமயாக்கா?"

வேறு வழியே இல்லாமல் போயிற்று. அவள் வித்தையை நம்பித்தான் அவர்கள் தூக்கி வந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை அவளே உடைத்தால் ஒழிய டெரன்ஸ் அந்த முற்றத்தை விட்டுப் போகப்போவதில்லை. பிளாரன்ஸ் குசினியிலிருந்து வெளியே வந்தாள். வாசல் பக்கம் திரும்பாமல், இஞ்ஞாசியின் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"நான் ஊத்துன வெந்நீருதான் அவிய காலக் கெடுத்திச்சு. எனக்குத் தெரியாம ஊத்திட்டேன். நாலு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாம வீட்டுல வச்சி ஊத்திக் கெடுத்துட்டேன். இப்பத் தெரியும். இனி ஒருத்தனுக்கும் ஊத்த மாட்டேன். இவனயாவது கொண்டுபோங்க."

இஞ்ஞாசி, "ஏலே, ஆட்டோவக் கூப்பிடு" என்று கத்தினார். தூக்கினார்கள், ஓடினார்கள். விஜிலா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். நொச்சிக் கொப்பு முற்றத்தில் மிதிபட்டுக் கிடந்தது.

வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். பிளாரன்ஸ் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். சிலுவை அவளைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"செவ்வாக்கெழம."

"உள்ள மீனு கெடக்கு. பூன தூக்கிட்டுப் போயிரப் போவுது" என்றான்.

அதன்பிறகு அவன் பேச்சு அந்த அளவில்தான் இருந்தது. சோறு வை, விளக்கை அணை, போதும். திட்டுவான் என்று காத்திருந்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரு அவன் பங்குக்கும் சேர்த்துப் பேசியது. பள்ளிக்கூடத்தில் இருக்கிறவளுக்கு இத்தனை வருடம் தெரியாமலா இருந்திருக்கும் என்று குழாயடியில் கேட்டார்கள். தன் வீட்டில் பிளாரன்ஸ் ஊற்றிய நாட்களை ஒவ்வொருத்தியும் எண்ணிப் பார்த்தாள். போன மாசம் யாருக்கு முட்டு வலி தீரவில்லை, யாருக்குக் கை நடுங்குகிறது என்று எல்லாக் கணக்கும் அவள் தலையில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் ஜெப்ஸி மிஸ் அவளுக்கு எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிப் போனாள். நல்ல பிள்ளை, அவளுக்குத் தாங்கவில்லை.

டெரன்ஸுக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, வெளியூருக்கு அனுப்பி, அங்கே அழுத்தம் கொடுக்கிற இரும்பு அறைக்குள் நாள்தோறும் அடைத்து வைத்தியம் பார்த்தார்கள். பதினெட்டாம் நாள் வந்தான். வேட்டியும் சட்டையுமாக, யாரையும் பிடித்துக்கொள்ளாமல், விஜிலாவோடு நடந்து வந்து பிளாரன்ஸ் வீட்டு வாசலில் நின்றான். விஜிலா ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு பிளாரன்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க குடுத்த காலுக்கா இது" என்று அழுதாள். "அன்னைக்கு என்னமெல்லாமோ பேசிட்டேன்."

பிளாரன்ஸின் கண் விஜிலாவிடம் இல்லை. சிலுவை டெரன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை அல்ல, பாதத்தை.

"எங்க, நட பாப்பம்" என்றான் சிலுவை. "குருசடி வரைக்கும் போயிட்டு வா."

டெரன்ஸுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் தெருமுனைக் குருசடி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். இடது கால் லேசாக இழுத்தது, அவ்வளவுதான்.

"இன்னொரு மட்டம்."

மறுபடியும் போய் வந்தான். சிலுவை ஒவ்வொரு எட்டையும் பார்த்தான். "நல்லாருக்குல. நல்லாருக்கு" என்று சொல்லி அவன் முதுகில் தட்டி அனுப்பிவைத்தான். அவர்கள் போன பிறகும் தெருவைப் பார்த்தபடியே இருந்தான். பிளாரன்ஸ் பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போனாள்.

"பிளாரன்சு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கல்யாணப் பூசையில் சாமியார் கேட்டபோது ஒரு தடவைதான். அவள் நின்றாள்.

"நீ அவனுக்குச் செஞ்சது சரி. அத நான் இல்லங்க மாட்டேன். வேணும்னு எனக்குச் செய்யலங்கதும் தெரியும்."

அவள் காத்திருந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது.

"மூணு வருசமா எங்காலக் கடல் எடுத்துக்கிட்டுன்னு நெனச்சிருந்தேன்" என்றான் சிலுவை. "எங்கப்பனையும் அதுதான் எடுத்துச்சு. அதுகிட்ட வாங்கித் தின்னோம், அது கேட்டுச்சு, குடுத்தோம்னு சும்மா கெடந்தேன். கடலப் போயி யாரு கோவிச்சிக்கிடுவா? அது அங்கன கெடக்கு, நான் இங்கன கெடக்கேன்." குரல் உயரவில்லை. "இப்ப நீ சொல்லிட்ட. இனி ஒரு நாளைக்கிப் பத்து மட்டம் ஒம் மொகத்தப் பாக்கணும்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து, சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைக்கும்போது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.